'மெர்சல்' என்றால் என்ன? பாராட்டா, பயமா?

'படம் செம மெர்சல்' என்றால் பாராட்டு. ஆனால் விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கம் ஒரு அம்மா 'புள்ளய காணோம்னு மெர்சலாயிட்டேன்' என்றால், அவர் வியந்துபோகவில்லை, வெலவெலத்துப் போயிருக்கிறார்.

இந்தச் சொல்லை 'மிரள்' என்பதோடு சேர்த்தே விளக்குகிறார்கள். 'மாடு மிரண்டு ஓடுது' என்கிறோமே, அதே மிரட்சி. 'விலை' பேச்சில் 'வெலை' ஆகும், 'மிரட்டு' 'மெரட்டு' ஆகும். அதே மாற்றம்தான் இங்கேயும்.

இதை 'காண்டு' என்பதோடு குழப்பிக்க வேண்டாம். 'காண்டாயிட்டான்' என்றால் கோபம். 'மெர்சலாயிட்டான்' என்றால் ஆடிப்போயிட்டான். 'மெர்சல் காட்டாத' என்றால் மிரட்டிப் பார்க்காதே.

2015-ல் வந்த 'ஐ' படத்தின் 'மெரசலாயிட்டேன்' பாட்டு, காதல் தடுமாற்றத்துக்கு இந்தச் சொல்லைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2017 தீபாவளிக்கு விஜய்யின் 'மெர்சல்' வந்ததும், வெளியூர்களில் 'அசத்தல்' என்ற பொருளே முன்னால் நின்றுவிட்டது.

வடசென்னையில் பழைய பொருள் போகவில்லை, போகவும் முடியாது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த ராத்திரிக்குப் பொருந்துவது சினிமா மெர்சல் இல்லை. 108-க்கு போன் செய்து ஒருவர் 'மெர்சலா கீதுபா' என்றால், அவருக்குப் படபடப்பு, பயம் என்றே எடுத்துக்கணும்.