அல் அஹ்லி: சுற்றம் என்னும் பெயர்

விளையாட்டு என்றவுடன் பொழுதுபோக்கை மட்டுமே எண்ணுவோர் நம்மில் பலர். ஆனால் ஒரு மக்களினம் தன்மானத்தோடு ஒன்றுகூட இடம் தேடியபோது, விளையாட்டுத் திடலே அவ்விடமாய் அமைந்ததும் உண்டு. எகிப்தின் தலைநகர் கெய்ரோவிலுள்ள அல் அஹ்லி விளையாட்டுக் கழகத்தின் வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது.

1882-இல் பிரித்தானியப் படை எகிப்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டில், நைல் ஆற்றின் நடுவேயுள்ள கெசீரா தீவில் ஆங்கிலேயர் தமக்கென ஒரு விளையாட்டுக் கழகத்தை அமைத்துக்கொண்டனர். மண்ணின் மைந்தர்களோ அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். 1906-இல் தின்ஷவாய் என்னும் சிற்றூரில், புறா வேட்டைக்கு வந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் கைகலப்பு மூண்டது. ஊரார் நால்வர் தூக்கிலிடப்பட்டனர், நாடு கொதித்தெழுந்தது.

அதற்கடுத்த ஆண்டு, 1907 ஏப்ரல் 24 அன்று அல் அஹ்லி பிறந்தது. உயர்கல்வி மாணவர் மன்றத்தை வழிநடத்திய வழக்கறிஞர் உமர் லுத்ஃபியின் எண்ணத்தில் உதித்த கழகம் அது. நாட்டைப் பற்றிச் சிந்திக்கும் இளைஞருக்கு உடலுரம் பெறவும் ஒன்றுகூடவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவரது நோக்கம். எனினும் கழகத்தின் முதல் தலைவர் மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியே! அதிகாரம் ஆங்கிலேயர் கையில் இருந்த காலமல்லவா? மறு ஆண்டிலேயே அஜீஸ் இஜ்ஜத் பாஷா என்ற எகிப்தியர் அப்பொறுப்பை ஏற்றார். 1925 முதல் எகிப்தியர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதிக்கப்பட்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தம் வாயிலுக்குத் தாமே காவலரானார்கள்.

'அஹ்லி' என்றால் தேசத்திற்குரியது என்று பொருள். அச்சொல்லின் வேரான 'அஹ்ல்', அரபு மொழியில் குடும்பத்தாரையும் சுற்றத்தாரையும் குறிக்கும். அச்சுற்றம் விரைவில் விரிந்தது. 1948-இல் எகிப்தியக் கால்பந்து லீக் தொடங்கியபோது முதல் பட்டம் அஹ்லிக்கே கிடைத்தது. ஆட்டக்காரராக விளங்கிய சாலிஹ் சலீம் பின்னர்க் கழகத் தலைவரானார். 2000-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அஹ்லியை நூற்றாண்டின் சிறந்த கழகமாக அறிவித்தது. 1982 முதல் 2024 வரை ஆப்பிரிக்கச் சாம்பியன் பட்டத்தை 12 முறை அது வென்றுள்ளது. கைப்பந்து, எறிபந்து, கூடைப்பந்து ஆகியவற்றிலும் அதன் புகழ் ஓங்கியது. 2023-இல் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கையும் அது வென்றது.

ஆயினும் இக்கழகத்தின் வரலாற்றைக் கோப்பைகளால் மட்டும் அளக்க இயலாது. 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீத் நகரில் அல் மஸ்ரி அணியுடன் அஹ்லி மோதியது. உள்ளூர் அணியான அல் மஸ்ரி 3-1 என்று வென்றது. வென்ற அணியின் ஆதரவாளர்களே தோற்றவர்கள்மீது பாய்ந்தனர். வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. 74 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அஹ்லியின் இளம் ஆதரவாளர்கள். அடிபட்ட ஓர் இளைஞர், ஆட்டக்காரர்களின் அறையிலேயே, புகழ்பெற்ற வீரர் முகமது அபூத்ரிக்காவின் கண்முன் உயிர்விட்டார்.

இறந்தோருக்கு நீதி கிடைக்கும்வரை ஆடலாகாது என்று ஆதரவாளர்கள் முறையிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த சூப்பர் கோப்பை ஆட்டத்தில் ஆட அபூத்ரிக்கா மறுத்தார். அதற்காகத் தண்டமும் தடையும் பெற்றார். கழகமோ களமிறங்கிக் கோப்பையை வென்றது; நவம்பரில் ஆப்பிரிக்கப் பட்டத்தையும் வென்றது. ஆட மறுத்தவர், ஆடியவர் ஆகிய இருசாராரும் இறந்தோரை நெஞ்சில் சுமந்தனர் என்றே நான் எண்ணுகிறேன்.

2013 ஜனவரியில் 21 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, போர்ட் சயீத் தெருக்களில் மேலும் பலர் மடிந்தனர். அவர்களுள் பத்துப் பேரின் தண்டனையை 2017-இல் உச்சநிலை நீதிமன்றம் உறுதி செய்தது. இரு நகரங்களிலும் தாய்மார் அழுதனர்.

அந்நியரின் அடைத்த கதவு ஒரு கழகத்தைப் பிறப்பித்தது. நூறாண்டு கடந்தபின், சொந்த நாட்டின் பூட்டிய கதவுக்குள் அதன் பிள்ளைகள் மடிந்தனர். எதிரணிக்காரரும் நம் சுற்றத்தாரே என்பதை ஏற்கும்வரை, எந்தச் சுற்றமும் முழுமை பெறுவதில்லை. நம் ஊர்த் திடல்களில் அணி பிரிந்து நிற்கும் இளைஞரைக் காணும்போதெல்லாம் போர்ட் சயீத் என் நினைவுக்கு வருகிறது.