கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு போனவர்கள்



பார்த்த நாடகம் எதுவும் மனத்தில் நிற்பதில்லை என்ற குறை நாடகக்காரர்கள் மத்தியில் நெடுநாளாக இருக்கிறது. தாம்பரத்தில் கூடியிருக்கும் நமக்கு இதைப் பேச ஒரு பொருத்தம் உண்டு. இங்கிருந்து சில மைல் தொலைவில் பம்மல் இருக்கிறது. நவீனத் தமிழ் நாடகத்தின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் சம்பந்த முதலியார் தன் பெயருக்கு முன்னால் சுமந்தது அந்த ஊரைத்தான்.

1891 ஜூலையில் அவரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். கூத்தாடித் தொழில் என்று இகழப்பட்ட ஒன்றை வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் மதிப்புள்ள கலையாக ஏற்றுக்கொண்ட இடம் அது. விடிய விடிய நடந்த நாடகம் அங்கே மூன்று மணி நேரத்துக்குச் சுருங்கியது. அதன் மேடையில் ராஜாக்களும் ராணிகளும் உலவினார்கள்.

அதே 1891இல் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பம்மலும் பல்லாவரமும் தாம்பரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதினார். 1892இல் வந்த அரசாணையும், நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலமும் அதன் தொடர்ச்சி. இன்னொரு பக்கம் நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். ஒரே ஆண்டில் இரண்டு சபைகள். ஒன்று திரை போட்டு நாடகம் நடத்தியது. மற்றொன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி அனுப்பியது. தமிழ் நாடக வரலாற்று நூல்களில் முதல் சபைக்கு அத்தியாயங்கள் இருக்கின்றன. அந்த மேடைக்கு வெளியே அதே ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் அந்த வரலாற்றில் இல்லை.

மனத்தில் நிற்பது என்கிறோமே, யாருடைய மனத்தில், எது நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு பார்வையாளரை ஆழமாகப் பாதித்த நாடகம் என்று கேட்டால் பலரும் அரிச்சந்திரனைச் சொல்வார்கள். சிறுவன் காந்தி அதைப் பார்த்தார். பிறகு எத்தனையோ தடவை தனக்குள்ளேயே அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கு அதிலிருந்து கிடைத்தது சத்தியம். நமக்கு?

கதையை நினைத்துப் பாருங்கள். நாட்டை இழக்கிறான், மனைவியை விற்கிறான், பிள்ளையைப் பாம்பு கடிக்கிறது. ஆனால் அவன் வீழ்ச்சியின் அடிமட்டம் எது? சுடுகாட்டுக் காவலன் வீரவாகுவிடம் அடிமையாவது. கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வாங்கிப் பிணம் சுடும் அந்த வேலையை ராஜா செய்யும்போது சபை அழுகிறது. அவனுக்கு முன்னாலும் அந்த வேலையைச் செய்துவந்தவன், ராஜா தேர் ஏறிப் போன பிறகும் அங்கேயே நிற்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காக யாரும் அழுததில்லை. சில பாடங்களில் கடைசியில் அவனைத் தேவனாக்கிவிடுகிறார்கள். மனிதனாகவே விட்டுவைத்தால்தானே தொந்தரவு! அயோத்திதாசர் 'அரிச்சந்திரன் பொய்கள்' என்று தனியாக ஒரு சிறுநூல் எழுத வேண்டியிருந்தது சும்மா இல்லை. ஊரே மெய் என்று கண்ணீர் விட்ட கதைக்கு அவர் வைத்த பெயர் அது.

நந்தன் விஷயமும் இதுதான். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபமாகவும் மேடை நாடகமாகவும் ஊர் ஊராகப் போனது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாகத் திரையில் வந்தார்கள். சனங்கள் உருகினார்கள். உருகியவர்கள் மறுநாள் காலையில் தங்கள் ஊர்க் கோயில் கதவைத் திறந்துவிட்டார்களா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு போனார்கள். அந்தக் கண்ணீர் அவர்களையே நல்லவர்களாகக் காட்டியது. அதோடு அதன் வேலை முடிந்தது. அயோத்திதாசரின் எழுத்தில் நந்தன் ஒரு பௌத்த அரசன். அந்த நந்தன் எந்தச் சபா மேடையிலும் ஏறவில்லை.

நாடகம் மனத்தில் தங்குமா என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, எம்.ஆர். ராதா மேடையில் புராணங்களைக் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1954இல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒன்று போட்டது. யாருக்கு எது உறைத்தது என்பதற்குச் சட்டப் புத்தகமும் ஒரு சான்று.

நம் புறநகருக்கு வருவோம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. பிறகு ரயில் பாதையை ஒட்டி அலுவலகக் குடும்பங்கள் குடியேறின, சபாக்களும் வந்தன. உறுப்பினர் சந்தா, ஏழு மணி நாடகம், கடைசி ரயிலுக்கு முன் வீடு. அந்த மேடைக்குப் பிடித்தது நகைச்சுவை. 1976இல் எஸ்.வி. சேகர் குழுவுக்காகக் கிரேஸி மோகன் எழுதிய நாடகத்தின் பெயர் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. நகைச்சுவையோடு எங்களுக்குப் பகை இல்லை. ஒலிநாடாவில் இந்த நாடகங்களைக் கேட்டு நாங்களும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். சில ஜோக்குகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. தலைப்பில் பாலவாக்கம் இருக்கிறது என்பதுதான் எங்களை உறுத்துகிறது. குரோம்பேட்டை என்ற பெயரே தோல் ஆலை தந்த பெயர். பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் தோல் பதனிட்ட கைகள், அந்த வாடை வீடுவரை கூட வந்த உடம்புகள், இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்த சபா மேடைக்கு ஒருபோதும் கதையாகத் தெரியவில்லை. பார்க்க வந்தவருக்குத் தன் வரவேற்பறையே மேடையில் தெரிந்தது. வீட்டிலேயே இருக்கும் ஒன்றை எதற்கு நினைவில் வைத்துக்கொள்வது?

சபாக்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நாங்களும் அதே தவறைச் செய்தவர்கள்.

2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் நடுவிலும் ஆற்றோரங்களிலும் இருந்த குடிசைகளைப் பெயர்த்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து போட்டார்கள். அதில் பெரும்பகுதி நம் சனம். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் காசில் கைகழுவுவது பற்றி வீதி நாடகம் போட்டோம். பறை அடித்து ஆள் கூட்டி, இருபத்தைந்து நிமிடம், கடைசியில் ஒரு பாட்டு. ஒரே வாரத்தில் பத்து இடம். மூன்று மாதம் கழித்து, நாடகத்தின் தாக்கம் பற்றி அறிக்கை எழுத வேண்டும் என்று மறுபடி போய்க் கேட்டோம்.

ஒரு அம்மா யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "பறை அடிச்சுக்கிட்டு வந்தீங்களே, நீங்கதானா? பாதியில தண்ணி லாரி வந்துடுச்சு தம்பி. குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடிட்டோம்."

கைகழுவுங்கள் என்று நாங்கள் பாடிய இடத்தில், கைகழுவத் தண்ணீர் வந்ததும் சனங்கள் எழுந்து போயிருக்கிறார்கள். அறிக்கையில் 'நல்ல வரவேற்பு' என்று எழுதிக் கொடுத்தோம். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' நாடகத்தை மேடையேற்றியபோது, தலித்தைப் பார்த்து இரங்கும் நாடகமாக அதைச் செய்யவில்லை. பலி கேட்கிறவர்களையும் பலி கொடுக்கப்படுகிறவர்களையும் எதிரெதிரே நிறுத்தினார். அவரும் தொண்ணூறுகளின் தலித் கலைவிழாக்களும் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த பறையை மேடைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு சூடு இருந்தது. இன்று எந்தக் கல்லூரி விழாவிலும் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு பத்து நிமிடம் பறை. அடித்து முடித்ததும் தலைமை விருந்தினர் பேச ஆரம்பித்துவிடுகிறார். மகாராட்டிரத்தின் அம்பேத்கரிய ஜல்சாக் குழுக்கள் இப்படி வரவேற்பு நிகழ்ச்சியாகச் சுருங்காமல், சேரிகளுக்குள்ளேயே பாடி ஆடி இயக்கத்தின் பேச்சை வீட்டுப் பேச்சாக மாற்றின. எங்களுக்கு அந்தப் பாடம் தாமதமாகத்தான் உறைத்தது.

அடுத்த முறை காசு வாங்காமல், வசனம் எழுதாமல் போனோம். குடிசைகளை எடுத்த நாளை நடித்துக் காட்டுகிறோம், தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றோம். எங்கள் தோழர் ஒருவர் அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து நிதானமாகப் பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பாட்டி எழுந்துவிட்டார்.

"அப்படி இல்ல தம்பி. அவங்க எங்கள உக்கார வச்சிப் பேசவே இல்ல. மைக்குல சொன்னாங்க. நீ முதல்ல நாற்காலிய விட்டு எந்திரி."

தோழர் எழுந்தார். பாட்டி மைக்கைப் பிடிப்பதுபோல் கையை மடக்கிக்கொண்டு தானே அதிகாரியாகப் பேசினார். பக்கத்து பிளாக்கிலிருந்து இன்னொருவர் வந்து, நீ சொன்ன தேதி தப்பு, அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார். சண்டை வந்தது. லாரியும் வந்தது, பாதிப் பேர் போய்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பதினொரு மணிக்கும் நாடகம் முடியவில்லை. பஸ் போய்விட்டது. மாடிப்படியில் துண்டை விரித்துப் படுத்தோம்.

காலையில் டீக்கடையில் பாட்டியின் பேரன் எங்கள் தோழரைப் பார்த்து, "ஆபீசரு, டீ குடிச்சாச்சா?" என்றான். வருடங்கள் ஆகிவிட்டன. அவர் அந்தப் பக்கம் போனால் இன்னும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.