அனெய்ட்டியம் தீவுக்குப் போன கெடி குடும்பம்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே வனுவாட்டு என்றொரு குட்டி நாடு இருக்கிறது. 1980ல் சுதந்திரம் பெறும் வரை அதன் பெயர் நியூ ஹெப்ரிடீஸ். அதன் தென்கோடியில் மக்கள் வாழும் தீவு அனெய்ட்டியம். இந்தத் தீவுக்காக ஒரு கனடா குடும்பம் பாதி உலகத்தைச் சுற்றிப் போனது.

ஜான் கெடி 1815ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்துவிட்டார். அப்பா கடிகாரம் செய்பவர். பிறகு கெடி பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு கிராமத்துச் சபைக்குப் போதகரானார். வெளிநாட்டுக்கு மிஷனரி அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டபோது சபைக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. குடியேறிய ஏழை விவசாயிகளின் சபை அது, ஏது அவ்வளவு பணம்? ஆனாலும் கெடி விடவில்லை. அச்சு வேலை, வீடு கட்டுவது, கொஞ்சம் வைத்தியம் எல்லாம் கற்றுக்கொண்டு தயாரானார்.

1846 நவம்பரில் மனைவி சார்லட்டோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் கிளம்பினார். பனாமா கால்வாய் இல்லாத காலம். தென் அமெரிக்காவின் கீழ்முனையைச் சுற்றி, ஹவாய், சமோவா வழியாக அனெய்ட்டியம் வந்து சேர்ந்தபோது 1848 ஜூலை ஆகிவிட்டது!

தீவில் அவருக்கு முன்பே சமோவா முதலிய தீவுகளைச் சேர்ந்த உபதேசிகள் இருந்தார்கள். சந்தன வியாபாரிகளும் இருந்தார்கள். சீனாவில் சந்தனக்கட்டைக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. கெடி வந்தது வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி மலேரியா காய்ச்சல் வேறு. பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, பெற்றோர் வருடக்கணக்கில் பிரிந்திருந்தார்கள்.

எழுத்தே இல்லாதிருந்த தீவின் மொழிக்கு எழுத்து வந்தது. சார்லட் பெண்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கணவன் இறந்தால் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. அது நின்றது. புதிய ஏற்பாடு அந்த மொழியில் 1863ல் அச்சானது. அச்சுச் செலவுக்குத் தீவு மக்களே கூவைக்கிழங்கு பயிரிட்டு, மாவெடுத்து, வெளிநாட்டில் விற்கக் கொடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நாம் ஆரோரூட் மாவு என்று கடையில் வாங்குகிறோமே, அது போன்ற மாவு. இலவசமாக வாங்கிக்கொண்ட புத்தகம் அல்ல, உழைத்துச் சம்பாதித்த புத்தகம்.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கமும் இருக்கிறது.

1861ல் ஒரு வியாபாரக் கப்பலோடு தட்டம்மை தீவுக்குள் வந்தது. அதற்கு முன் அந்த நோயையே அறியாத உடம்புகள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோனார்கள். அதே வருடம் பக்கத்து எரொமாங்கோ தீவிலும் தட்டம்மை பரவியது. அங்கே மிஷனரிகள்தான் காரணம் என்று நம்பிய மக்கள், கெடியைப் போலவே பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து போயிருந்த ஜார்ஜ் கோர்டனையும் அவர் மனைவியையும் கொன்றார்கள்.

கெடி 1872ல் ஆஸ்திரேலியாவில் காலமானார். அனெய்ட்டியம் ஆலயத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவர் வந்த 1848ல் தீவில் ஒரு கிறிஸ்தவர் கூட இல்லை, போன 1872ல் கிறிஸ்தவர் அல்லாதவர் ஒருவரும் இல்லை என்பது அதன் சாரம். மிஷனரி வரலாற்றில் மிகவும் பிரபலமான வாசகம் இது.

பொய்யில்லை. ஆனால் அந்தப் பலகை மக்கள் தொகையைச் சொல்லவில்லை. கெடி வந்தபோது சுமார் 4,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர் இறந்தபோது அதில் பாதி கூட இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சில நூறு பேர்தான் மிஞ்சினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் உட்காரக் கட்டிய கல் ஆலயம் இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது.

நோயைக் கொண்டுவந்தது கெடி அல்ல. நோயாளிகளோடு கூடவே இருந்தவர் அவர். இருந்தாலும் தீவு உலகத்துக்குத் திறந்தபோது, நல்லதும் கெட்டதும் ஒரே துறைமுகத்தில்தான் வந்து இறங்கின. அந்த மக்களின் மொழி இன்றும் பேசப்படுகிறது, மக்கள் தொகையும் மறுபடி ஏறியிருக்கிறது. கெடி குடும்பத்தின் தியாகத்தைப் படிக்கும்போது, பலகையில் எழுதப்படாத அந்த எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு சரியாகும்.