உலர்சுவர்த் துளைகளைப் பழுதுபார்த்தல்

உலர்சுவர்த் துளைகளைப் பழுதுபார்த்தல் என்பது, ஜிப்சம் பலகைகளால் அமைந்த சுவர்களிலும் உட்கூரைகளிலும் ஏற்படும் துளைகள், வெடிப்புகள், குழிவுகள் முதலியவற்றை அடைத்து, மேற்பரப்பை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரும் கட்டிடப் பராமரிப்பு வேலை ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர்கள் இத்தகைய பலகைகளால் ஆனவை. எனவே அந்நாடுகளில், வீட்டில் வாழ்பவர்கள் தாமே செய்துகொள்ளும் பொதுவான வேலைகளுள் இதுவும் ஒன்றாக உள்ளது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் செங்கல், சீமெந்துக் கல் ஆகியவற்றாலான சுவர்களே வழக்கில் உள்ளன. அங்கு ஜிப்சம் பலகைகள் பெரும்பாலும் அலுவலகத் தடுப்புச் சுவர்களுக்கும் தொங்கு கூரைகளுக்கும் பயன்படுகின்றன.

துளையை அடைப்பது தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று. உலர்சுவர் தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் தடுப்பாகவும் தொழிற்படுவதால், சில சுவர்களில் உள்ள துளையைச் சரியான முறையில் அடைக்காமல் விடுவது உயிர்ப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும்.

பெயர்

செங்கற் சுவர்களுக்கும் மரச் சிம்புகளின் மேல் பூசப்படும் சுவர்களுக்கும் நீர் கலந்த ஈரச் சாந்து தேவை. அவ்வாறன்றி, முன்னரே செய்து உலர்ந்த பலகைகளைச் சட்டகத்தில் பொருத்தி அமைப்பதால் இது உலர்சுவர் எனப்படுகிறது. ஜிப்சம் பலகை, பிளாஸ்டர் பலகை என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன.

வரலாறு

முற்காலத்தில் வட அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள், சட்டகத்தில் அடித்த மெல்லிய மரச் சிம்புகளின்மேல் பல படைகளாகச் சாந்து பூசி அமைக்கப்பட்டன. இதற்குத் தேர்ந்த பூச்சு வேலைக்காரர் தேவைப்பட்டதுடன், ஒவ்வொரு படையும் காய்வதற்கு நாட்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. 1894 ஆம் ஆண்டில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் தாளும் ஜிப்சமும் அடுக்கிய பலகைக்கு ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1910களில் இப்பலகையின் அமைப்பு மேம்படுத்தப்பட்டு, ஜிப்சம் உள்ளீட்டின் இரு புறமும் தாள் கொண்ட இன்றைய வடிவம் உருவானது. எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஏராளமான வீடுகளை விரைவாகக் கட்டவேண்டிய தேவை ஏற்பட்டபோதே உலர்சுவர் பழைய சாந்துச் சுவரின் இடத்தைப் பெருமளவில் பிடித்தது.

உலர்சுவரின் அமைப்பு

பழுதுபார்க்கும் முறைகளை விளங்கிக்கொள்வதற்குச் சுவரின் அமைப்பை அறிந்திருத்தல் அவசியம். வீட்டுச் சுவரில், மரத்தாலோ மெல்லிய உருக்குத் தகட்டாலோ ஆன செங்குத்துச் சட்டங்கள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. வட அமெரிக்காவில் இவற்றின் மையங்களுக்கு இடையேயான தூரம் பொதுவாக 16 அங்குலம் (ஏறத்தாழ 406 மிமீ) ஆகும்; சில இடங்களில் 24 அங்குலமாகவும் இருக்கும். இச் சட்டங்களின் இரு புறமும் 4 அடி அகலமும் 8 அடி அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும் கொண்ட பலகைகள் திருகாணிகளால் பொருத்தப்படுகின்றன. சுவர்களுக்குப் பொதுவான தடிப்பு அரை அங்குலம் (12.7 மிமீ) ஆகும். தீத்தடுப்பு தேவைப்படும் இடங்களில் ஐந்தில் எட்டுப் பங்கு என்று தவறாகச் சொல்லப்படாத வகையில், எட்டில் ஐந்து அங்குலப் (15.9 மிமீ) பலகைகள் பயன்படுகின்றன.

இரு சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பலகைக்குப் பின்னால் வெற்றிடமோ வெப்பக்காப்புப் பஞ்சோ மட்டுமே உண்டு. கதவுக் கைப்பிடி மோதுதல், தளபாடங்களை நகர்த்தும்போது இடிபடுதல் போன்றவற்றால் இப்பகுதியே எளிதில் உடைகிறது. பின்னால் தாங்குவதற்கு எதுவும் இல்லாததால், பெரிய துளையில் வெறும் சாந்தை வைத்து அடைக்க முடியாது. அது உள்ளே விழுந்துவிடும். பழுதுபார்க்கும் முறைகள் யாவும் இவ்வெற்றிடத்தின் மேல் ஒரு தாங்கியை எவ்வாறு உருவாக்குவது என்னும் கேள்விக்கான வெவ்வேறு விடைகளே எனலாம்.

பலகையின் வலிமையில் பெரும்பங்கு அதன் மேற்றாளில் இருந்தே கிடைக்கிறது. இதனால், திருகாணியின் தலை தாளைக் கிழிக்காமல் மேற்பரப்பிலிருந்து சற்றே உள்ளே பதியுமாறு முடுக்கவேண்டும். தாள் கிழிந்தால் திருகாணி அவ்விடத்தில் பலகையைப் பிடித்துநிற்காது.

பொருட்கள்

இணைப்புச் சாந்து

துளைகளை அடைக்கவும் இணைப்புகளை மறைக்கவும் பயன்படும் சாந்து இரு வகைப்படும்.

* உலரும் வகை: சுண்ணக்கல் தூள், பசை, நீர் முதலியன கலந்து வாளிகளில் விற்கப்படுவது. இதிலுள்ள நீர் ஆவியாவதால் இறுகுகிறது. ஒரு படை காய்வதற்குப் பொதுவாக ஒரு நாள் வரை ஆகும். நீர் வெளியேறுவதால் இது சுருங்கும். எனவே ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பினால் வெடிப்பு விழும். காய்ந்தபின் தேய்ப்பதற்கு எளிது.
* கட்டிப்படும் வகை: பாரிசுச் சாந்தை அடிப்படையாகக் கொண்ட தூள். ஜிப்சத்தைச் சூடாக்கி, அதில் வேதியியல் முறையில் பிணைந்துள்ள நீரின் நான்கில் மூன்று பங்கை வெளியேற்றினால் பாரிசுச் சாந்து கிடைக்கும். இதனுடன் நீரைக் கலந்தால் மீண்டும் ஜிப்சம் படிகங்கள் தோன்றி ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன. கட்டிப்பட எடுக்கும் நேரம் 20, 45, 90 நிமிடம் என்றவாறு பையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். இது குறைவாகச் சுருங்குவதுடன் வலிமையும் கூடியது; ஆனால் தேய்ப்பதற்குக் கடினமானது.

இக்காரணங்களால், முதற் படைக்குக் கட்டிப்படும் வகையையும், மேற் படைகளுக்கு உலரும் வகையையும் பயன்படுத்துவது நல்ல முறையாகக் கருதப்படுகிறது.

நாடா

பழைய பலகையும் புதிய துண்டும் சேரும் இடத்தைச் சாந்தினால் மட்டும் மூடினால், சிறிய அசைவுகளினால் அவ்விடத்தில் வெடிப்பு ஏற்படும். இதைத் தவிர்க்கச் சாந்துக்குள் நாடா பதிக்கப்படுகிறது. தாள் நாடாவை ஈரச் சாந்தின் மேல் வைத்து அழுத்திப் பதிக்கவேண்டும். கண்ணாடியிழை வலைநாடா தானே ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. இதன்மேல் இடும் முதற் படை கட்டிப்படும் வகைச் சாந்தாக இருத்தல் நல்லது.

துளையின் அளவும் முறையும்

ஆணித் துளைகள்

படங்களை மாட்டிய ஆணிகளின் துளைகளைச் சுற்றிப் புடைத்திருக்கும் தாளைக் கத்தியின் பிடியால் மெல்ல அழுத்திக் குழித்தபின், சாந்தை அல்லது பட்டியை இட்டு மட்டமாக வழிக்கவேண்டும். காய்ந்தபின் இன்னொரு மெல்லிய படை தேவைப்படலாம்.

சுவரைப் பொருத்திய ஆணிகளின் தலைகளே வெளியே புடைத்துத் தெரிவதும் உண்டு. சட்டத்தின் மரம் காலப்போக்கில் உலர்ந்து சுருங்குவதே இதற்கு முதன்மையான காரணம். ஆணியை மீண்டும் உள்ளே அடித்துப் பூசினால் அது திரும்பவும் வெளிவரும். ஆகவே, அதன் அருகே அதே சட்டத்தில் புதிதாக ஒரு திருகாணியை முடுக்கிப் பலகையை இறுக்கிய பின்னரே பழைய ஆணியைக் கழற்றிக் குழியை நிரப்பவேண்டும்.

உள்ளங்கை அளவான துளைகள்

கதவுக் கைப்பிடி மோதி ஏற்படும் துளை இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கடைகளில் கிடைக்கும் ஒட்டுவலையைப் பயன்படுத்துதல். துளையிட்ட மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் கண்ணாடியிழை வலை ஒட்டப்பட்ட இதனைத் துளையின்மேல் ஒட்டிச் சாந்து பூசுவர்.

மற்றது கலிபோர்னியா ஒட்டு எனப்படுவது. இதில் துளையைவிட ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 5 செமீ கூடிய பலகைத் துண்டு ஒன்று வெட்டப்படும். அதன் பின்புறத்தில் துளையின் அளவுக்குக் கோடிட்டு வெட்டி, ஓரத்திலுள்ள ஜிப்சத்தை மட்டும் ஒடித்து நீக்கினால், நடுவில் ஜிப்சமும் சுற்றிலும் தாள் விளிம்பும் மிஞ்சும். சுவரிலுள்ள துளையை இந்த நடுப்பகுதி பொருந்துமாறு சதுரமாக வெட்டி, சுற்றிலும் சாந்து தடவித் துண்டை வைத்து அழுத்தவேண்டும். தாள் விளிம்பே நாடாவாகப் பயன்படுவதால் வேறு நாடா தேவையில்லை.

பெரிய துளைகள்

துளை இதனிலும் பெரிதானால், முதலில் அதனை நேரான ஓரங்கள் கொண்ட நாற்கோண வடிவில் வெட்டிக்கொள்ளவேண்டும். பின்னர் துளையைவிட நீளமான மரச் சட்டத் துண்டுகளை உள்ளே நுழைத்து, துளைக்கு வெளியேயுள்ள பலகையின் ஊடாகத் திருகாணி முடுக்கி அவற்றை நிலைப்படுத்துவர். அதே தடிப்புள்ள புதிய பலகைத் துண்டை இம்மரத்தோடு திருகாணியால் பொருத்தி, நான்கு இணைப்புகளிலும் நாடா பதித்துப் பூசுவர்.

இரு சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதி பெரும்பாலும் சேதமடைந்திருந்தால், இரு பக்கமும் சட்டங்களின் நடுக்கோடு வரை பலகையை வெட்டி நீக்குவதே எளிது. சட்டத்தின் பாதி அகலம் பழைய பலகையையும் மறு பாதி புதிய பலகையையும் தாங்கும்.

பூச்சும் தேய்ப்பும்

ஒட்டிய இடம் உண்மையில் சுவரோடு முற்றாக மட்டமாவதில்லை. நாடாவும் சாந்தும் சேர்ந்து அவ்விடத்தைச் சிறிது உயர்த்துகின்றன. அவ்வுயர்வைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பரப்புவதே பூச்சின் நுட்பம். இதற்காக ஒவ்வொரு படையும் முன்னையதைவிட அகலமாக இடப்படுகிறது. முதற் படைக்கு 15 செமீ அளவான கத்தியும், இறுதிப் படைக்கு 25 முதல் 30 செமீ அகலமுள்ள கத்தியும் பயன்படலாம். ஓரங்களில் கத்தியைச் சற்று அழுத்திச் சாந்தை ஒன்றுமில்லாதவாறு மெலிதாக்கவேண்டும். பொதுவாக மூன்று படைகள் தேவைப்படும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசி, பின்னர் தேய்த்துக் குறைக்க முயல்வது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

இறுதிப் படை காய்ந்தபின், மென்மையான உப்புத்தாளினால் தேய்ப்பர். ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேடுபள்ளங்களின் நிழல் தெரியும். வர்ணம் பூசுமுன் அடிப்பூச்சு இடுவது அவசியம். சாந்தும் தாளும் வர்ணத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், அடிப்பூச்சு இல்லையேல் ஒட்டிய இடம் மங்கலான திட்டாகத் தனித்துத் தெரியும்.

தீத்தடுப்பு

ஜிப்சத்தின் நிறையில் ஏறத்தாழ 21 விழுக்காடு வேதியியல் முறையில் பிணைந்த நீராகும். தீயின் வெப்பம் பலகையை அடையும்போது இந்நீர் நீராவியாக வெளியேறுகிறது. இதற்குப் பெருமளவு வெப்பம் செலவாவதால், நீர் தீரும்வரை பலகையின் மறுபக்க வெப்பநிலை நீரின் கொதிநிலைக்கு மேல் அதிகம் உயர்வதில்லை. தீத்தடுப்புப் பலகைகளில் கண்ணாடியிழையும் சேர்க்கப்படுவதால், நீர் நீங்கிய பின்னரும் அவை சிறிது நேரம் சிதையாமல் நிற்கும்.

ஒரு சிறு துளைகூட இப்பாதுகாப்பைக் குறைக்கும். தீயும் புகையும் சுவரினுள் உள்ள வெற்றிடத்தில் புகுந்து மேலே பரவ அது வழியாகும். வீட்டுக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இடைப்பட்ட சுவர், அடுக்குமாடிக் கட்டிடங்களில் இரு வீடுகளைப் பிரிக்கும் சுவர் ஆகியவற்றில் இது மிக முக்கியமானது. இத்தகைய சுவர்களில் மெல்லிய ஒட்டுவலையால் துளையை மறைப்பது போதாது. முன்னிருந்த அதே வகை, அதே தடிப்புக் கொண்ட பலகையை இட்டு, இணைப்புகளை நாடாவும் சாந்தும் கொண்டு மூடவேண்டும். குழாய்களும் கம்பிகளும் செல்லும் இடைவெளிகளுக்கு அதற்கென உள்ள தீத்தடுப்பு அடைப்பான்கள் தேவை.

பாதுகாப்பு

* மின்கம்பிகளும் குழாய்களும்: இவை சுவரினுள் மறைந்து செல்கின்றன. வெட்டுமுன் துளையினூடாகப் பார்த்தோ கையால் தடவியோ அல்லாமல், விளக்கொளியில் நோக்கி உறுதிசெய்தல் வேண்டும். அப்பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்துவதும், ரம்பத்தைப் பலகையின் தடிப்புக்கு மேல் ஆழமாகச் செலுத்தாதிருப்பதும் நல்லது.
* கல்நார்: பழைய இணைப்புச் சாந்துகளில் கல்நார் கலந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் கல்நார் கொண்ட ஒட்டுச் சாந்துகள் 1977 இல் தடைசெய்யப்பட்டன. அக்காலத்துக்கு முற்பட்ட சுவர்களைத் தேய்ப்பதற்கோ உடைப்பதற்கோ முன் ஆய்வுகூடத்தில் சோதித்தல் வேண்டும்.
* ஈயம்: வீட்டு வர்ணங்களில் ஈயம் சேர்ப்பது அந்நாட்டில் 1978 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வர்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூசி, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்குத் தீங்கானது.
* தூசி: புதிய சாந்தின் தூசியிலும் சிலிக்கா, மைக்கா முதலியன இருக்கக்கூடும். தகுந்த முகமூடி அணிதல், ஈரப் பஞ்சினால் தேய்த்தல், தூசியை உறிஞ்சும் கருவி இணைந்த தேய்ப்பானைப் பயன்படுத்துதல் ஆகியவை இதனைக் குறைக்கும்.

நீரால் ஏற்படும் சேதம்

நீர்க் கசிவால் பலகை ஊறிப்போனால், துளையை அடைப்பதற்கு முன் கசிவின் காரணத்தைக் கண்டு நீக்கவேண்டும். ஈரமான பொருட்கள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் அவற்றில் பூஞ்சணம் வளரக்கூடும். பலகையின் தாள் அதற்கு உணவாகிறது. மென்மையாகிப் போன அல்லது பூஞ்சணம் பிடித்த பகுதியைப் பூசி மறைக்காமல், வெட்டி நீக்கிப் புதிய பலகை இடுவதே முறையாகும்.

கழிவு

வெட்டி நீக்கிய ஜிப்சம் பலகை, காற்றுப் புகாத ஈரமான குப்பை நிலங்களில் நுண்ணுயிர்களால் சிதைந்து, ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வளிமத்தைத் தோற்றுவிக்கும். இதனால் சில ஊராட்சி அமைப்புகள் இதனைப் பொதுக் குப்பையுடன் கொட்ட அனுமதிப்பதில்லை. தூய ஜிப்சம் கழிவை மீண்டும் புதிய பலகை செய்வதற்குப் பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஜிப்சம்
* பாரிசுச் சாந்து
* கல்நார்
* சுவர்
* தொங்கு கூரை

பகுப்புகள்: கட்டிடப் பொருட்கள் | கட்டுமானம் | வீட்டுப் பராமரிப்பு