'நார்மல்' என்ற சொல்லின் அதிகாரம்

தைராய்டு குறைபாட்டை மருத்துவம் முதலில் வாசித்தது ரத்தத்தில் அல்ல. பெண்களின் முகத்தில், பேச்சில். 1873இல் லண்டனில் வில்லியம் கல் எழுதிய கட்டுரையில் வருவது வீங்கிய முகம், தடித்த நாக்கு, மந்தமாகிப்போன பேச்சு. 1878இல் வில்லியம் ஆர்டு இதற்கு 'மிக்சிடிமா' என்று பெயரிட்டார். (அந்த ஆண் மருத்துவர்களின் பார்வையில் மேட்டிமை இல்லாமலில்லை. அது தனிக்கதை.)

1891இல் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். பிறகு வாய்வழியாகவும் கொடுத்தார். அந்தப் பெண் 28 வருஷம் வாழ்ந்து 1919இல் இறந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன. அளவு சரியா தப்பா என்பதை அவரது உடம்புதான் சொல்லியாக வேண்டும்; வேறு சாட்சி கிடையாது.

சாட்சி மாறியது 1970களில். டிஎஸ்எச் என்ற பிட்யூட்டரி ஹார்மோனை ரத்தத்தில் அளக்க முடிந்தது. டி4 உடம்பிலேயே டி3 ஆக மாறுகிறது என்பதும் 1970இல் தெரிந்திருந்ததால், டி4 மாத்திரை ஒன்றே போதும் என்றாயிற்று. மிகையான மருந்தளவு குறைந்தது, இதயமும் எலும்பும் பிழைத்தன. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு எண் சரியான பிறகும் அசதி, மறதி, மனச்சோர்வு போவதில்லை. 'ரிப்போர்ட் நார்மல்தாம்மா, எல்லாம் உங்க மனசுதான்' என்ற வாக்கியம் இங்கேதான் பிறக்கிறது. பிட்யூட்டரியின் திருப்தி முழு உடம்பின் திருப்தியாகிவிடுகிறது!

அப்படி ஆகுமா? தைராய்டு அகற்றப்பட்ட எலிகளில், டி4 மட்டும் கொடுத்தால் எல்லாத் திசுக்களும் ஒருசேரச் சீராவதில்லை என்று 1995இல் காட்டினார்கள். எலி மனிதனல்ல என்பது சரிதான். 1999இல் 33 நோயாளிகளுக்கு இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது 20 பேர் அதையே விரும்பினார்கள். பிந்தைய ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்தப் பலனை உறுதிசெய்யவில்லை. அசதிக்கு ரத்தசோகை, தூக்கக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் தேட வேண்டும். 'மனசுதான்' என்று சொன்ன கணத்தில் அந்தத் தேடலும் நின்றுபோகிறது.

2005இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வு வேடிக்கையானது. அறிகுறிகளின் மதிப்பெண்ணில் வித்தியாசமில்லை, ஆனாலும் கூட்டு மருந்தையே அதிகம் பேர் விரும்பினார்கள். எடை குறைந்ததால் இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எடை கூடுகிறது என்பதும் இந்த நோயாளிகள் ஓயாமல் சொல்லிவரும் புகார்தானே.