கருங்காலிச் சட்டமும் ஒரு தச்சரின் முகமும்



சுவரிலே மாட்டப்பெற்ற ஒரு படத்தைக் காணுந்தோறும் நம் கண் படத்திலேயே பதிகின்றது. அதனைச் சூழ்ந்து நிற்கும் மரச்சட்டத்தை நோக்குவார் அரியர். படத்தை எழுதியவரின் பெயர் நிலைபெறுகின்றது. சட்டத்தை இழைத்தவரின் பெயரோ மறைந்துபோகின்றது. இதற்கு விலக்காக அமைந்த ஒருவரைப் பற்றியும், அவர் தொழிலுக்கும் நம் நாட்டுக் காட்டு மரத்துக்கும் இருந்த தொடர்பு பற்றியும் இன்று சில கூற விழைகின்றேன்.

ஐரோப்பாவிலே ஆதியில் படம் வேறு, சட்டம் வேறு என்ற நிலை இருக்கவில்லை. தேவாலயங்களுக்குப் படம் எழுதியோர் ஒரே பலகையின் நடுவைக் குடைந்து தாழ்த்தி, உயர்ந்து நின்ற விளிம்பையே சட்டமாகக் கொண்டனர். படங்கள் இல்லங்களுக்கு வந்தபோது சட்டமும் தனிப்பொருளாயிற்று. இத்தாலியர் பொற்றாள் ஒட்டிய சட்டங்களை விரும்பினர். 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்த வணிகர்களோ அடக்கமான கரிய சட்டத்தைப் பெரிதும் விரும்பினர்.

அக்கருமை கருங்காலியின் இயற்கை நிறம். 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி மொரீசியசுத் தீவிலிருந்தும் நம் இலங்கையிலிருந்தும் அம்மரத்தைக் கப்பலேற்றியது. 1640இல் காலியும், 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அக்கால வணிகத்தில் கறுவாவைப் பற்றி நாம் கற்ற அளவுக்குக் கருங்காலியைப் பற்றிக் கற்றோமில்லை.

கருங்காலி நீரில் மிதவாது மூழ்கும் பாரமுடையது. உளியின் கூரையும் மழுக்கவல்லது. விலையும் மிகுதி. ஆதலால் அதனை மெல்லிய தகடுகளாக அறுத்து, மலிவான மரத்தின்மேல் ஒட்டினர். அலைவடிவ அச்சொன்றின் வழியே மரத்துண்டைப் பன்முறை இழுத்து, கூரிய அலகினாற் சிறிது சிறிதாகச் சுரண்டி, சட்டத்தின்மேல் நுண்ணிய நீரலைகளைத் தோற்றுவித்தனர். மெழுகுவர்த்தி ஒளியிலே அவ்வலைகள் மின்னும். கருங்காலி வாங்க இயலாதோர் பேரிமரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றி மனநிறைவு எய்தினர்.

இத்தொழிலில் அம்ஸ்டர்டாம் நகரிலே சிறந்து விளங்கியவர் ஹேர்மன் டூமர். 1640இல் ஓவியர் றெம்பிராண்ட் இவரை எழுதிய படம் இன்று நியூ யோர்க்கில் உள்ள மெற்றோபொலிற்றன் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. அகன்ற தொப்பியும் வெண்கழுத்துப்பட்டியும் அணிந்த அமைதியான முகம். ஆயின் நெடுங்காலமாக உலகம் அப்படத்தைப் ‘பொன் பூசுபவர்’ என்றே அழைத்தது. கருங்காலியிலே வாழ்நாளைக் கழித்தவருக்குப் பொன் வேலைக்காரர் என்று பெயர்! டூமரின் மனைவியார் அப்படத்தை மகன் லாம்பேர்ட்டுக்கு உரிமையாக்கியபோது, உடன்பிறந்தார்க்கும் அதன் பிரதிகளை எழுதிக் கொடுத்தல் வேண்டும் என விதித்தார். குடும்பம் அவரை மறக்கவில்லை, உலகமே மறந்தது.

நேயர்களே, இன்று கருங்காலி நம் நாட்டிலே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள மரம். ஆயினும் சட்டம் இழைக்கும் கலைக்குக் கருங்காலி வேண்டியதில்லை. வேம்பும் பலாவும் போதும். வாள், சீவுளி, மூலைமட்டம், சிறிது வச்சிரம், இவற்றோடு பொறுமையும் வேண்டும். நான்கு துண்டுகளின் எட்டு முனைகளையும் 45 பாகையில் அறுத்தல் வேண்டும். ஒவ்வொரு முனையிலும் ஒரே பக்கமாக அரைப் பாகை பிழைப்பினும், இறுதி மூலையிலே அது நான்கு பாகையாகத் திரண்டு வாய்பிளந்து நிற்கும். மரம் பொய்யை மறைப்பதில்லை.

என் மாணவன் ஒருவன் காலஞ்சென்ற தன் பாட்டனாரின் படத்துக்குச் சட்டம் செய்தான். நான்காவது மூலை கூடவில்லை. மரத்தூளையும் வச்சிரத்தையும் குழைத்து இடைவெளியை அடைக்க முயன்றான். நான் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் அவனே அதனைக் கழற்றி, புதிய துண்டுகளை அறுக்கத் தொடங்கினான். மூன்றாம் முறையே மூலைகள் நான்கும் கூடின. அக்கிழமை அவன் கற்றதை நான் எந்தப் பாடநூலாலும் கற்பித்திருக்க இயலாது.

வேலை முடிந்ததும் சட்டத்தின் பின்புறத்தே அவன் பெயரையும் ஆண்டையும் எழுதுமாறு பணித்தேன். “பின்னாலே எழுதினால் யார் பார்ப்பார்கள், ஐயா?” என்று கேட்டான். “என்றாவது ஒருநாள் அதனைக் கழற்றுபவர் பார்ப்பார்” என்றேன். டூமரின் முகத்தை வேறொருவர் எழுதிவைத்தார். நம் பிள்ளைகளின் பெயரையேனும் அவர்களே எழுதி வைக்கட்டும்.