ஐந்து வருடங்கள் காத்திருந்த சம்மதம்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தில், நூலகத்தின் கீழ்த்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நாவலை எடுத்து வந்தேன். கொலைக் கதை என்று நம்பித்தான் எடுத்தேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்புத்தான் வந்தது. புதுத் தம்பதியினர் தேனிலவுக்குக் கிராமத்து வீடொன்றுக்கு வருகிறார்கள், வரவேற்க ஆளில்லை. புகைபோக்கி அடைத்துக் கிடக்கிறது. அதைத் துப்புரவு செய்ய வந்த மனிதர், அடுக்கடுக்காய் அணிந்திருக்கும் கம்பளிச் சட்டைகளை வேலை கடினமாகக் கடினமாக ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். வீட்டை விற்றவரோ நிலவறையில் பிணமாகக் கிடக்கிறார். விசாரணை முடியுமுன்னரே கடன்காரரின் ஆட்கள் வந்து கதிரை மேசைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்!

நாவலின் பெயர் 'பஸ்மன்ஸ் ஹனிமூன்'. எழுதியவர் டொரதி எல். சேயர்ஸ். தோழி மியூரியல் செயின்ட் கிளேர் பர்னுடன் சேர்ந்து அவர் எழுதிய நாடகமாக 1936 டிசம்பரில் லண்டனில் மேடையேறி, 1937இல் நாவலானது. துப்பறிதல் குறுக்கிடும் ஒரு காதல் கதை என்று உபதலைப்பிலேயே அறிவித்துவிட்டார்.

இந்த அறிவிப்பு அக்காலத்தில் சாதாரணமானதல்ல. துப்பறியும் கதையில் காதலுக்கு இடமில்லை என்பதை அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் ஒரு விதியாகவே எழுதி வைத்தார். அதே ஆண்டில் தாம் தொகுத்த கதைத் திரட்டின் முன்னுரையில் சேயர்ஸும் ஏறத்தாழ அதே கருத்தைத்தான் சொன்னார். ஈ. சி. பென்ட்லியின் 'ட்ரென்ட்ஸ் லாஸ்ட் கேஸ்' (1913) போன்ற சிலவற்றுக்கே விலக்களித்தார். அப்படிச் சொன்னவர் இரண்டே வருடத்தில் விதியை மீறினார்.

மீறிய காரணமும் வேடிக்கையானது. 1923இல் தாம் படைத்த துப்பறிவாளன் லோட் பீற்றர் விம்ஸியிடமிருந்து விடுபட நினைத்த சேயர்ஸ், கல்யாணம் செய்துவைத்துக் கதையை முடிக்கத் தீர்மானித்தார். 'ஸ்ட்ரோங் பொய்ஸன்' (1930) நாவலில், முன்னாள் காதலனுக்கு நஞ்சூட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கும் நாவலாசிரியை ஹரியட் வேனைப் பீற்றர் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றுகிறான். சிறையில் நடக்கும் முதற் சந்திப்பிலேயே, மணமுடிப்போமா என்று கேட்டும் விடுகிறான். நம் திரைப்படங்களாக இருந்தால் அடுத்த காட்சி கல்யாணப் பந்தல்தான்.

ஹரியட் மறுத்துவிட்டாள். உயிரைக் காத்தவனுக்கு நன்றிக்கடனாகத் தன்னைக் கொடுப்பது இருவருக்குமே அவமானம் என்பதை அவளைப் படைத்தவரே எழுதும்போதுதான் உணர்ந்தார். பின்னாளில் ஒரு கட்டுரையில் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 'ஹாவ் ஹிஸ் கார்க்கஸ்' (1932) நாவலில் கடற்கரைப் பிணமொன்று இருவரையும் மறுபடி சேர்க்கிறது. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தச் சிரிப்புக்குள் அவளுக்கு மூச்சுமுட்டுவதும் தெரிகிறது.

சம்மதம் கிடைப்பது 'கோடி நைட்' (1935) நாவலில், ஒக்ஸ்போர்ட்டில். கொலையே இல்லாத துப்பறியும் நாவல் அது. பெண்கள் கல்லூரியொன்றில் யாரோ மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள். கையெழுத்துப் பிரதியைக் கிழிக்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்தும் பீற்றர் அவளை விலகச் சொல்லவில்லை. கழுத்தைக் காக்க நாய்க்குக் கட்டும் பட்டியொன்றை வாங்கிக் கொடுக்கிறான்! காதலன் கொடுத்த பரிசுகளில் இதைப்போல் இன்னொன்றை நான் வாசித்ததில்லை. இறுதியில், பட்டமளிப்பில் வழங்கும் இலத்தீன் முறைமையில், அவளை ஆசிரியையே என்று விளித்துக் கேட்கிறான். அவளும் இலத்தீனில் ஒரே சொல்லில் இசைகிறாள்.

வாத்தியார் என்பதால் மட்டும் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. சேயர்ஸ் 1915இல் அதே ஒக்ஸ்போர்ட்டில் முதல் வகுப்பில் தேறியவர். ஆனால் பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அங்கு அப்போது இருக்கவில்லை. 1920இல் விதி மாறியபோதுதான், பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவராக அவர் மேடையேறினார். கையில் தராமல் ஐந்து வருடம் வைத்திருந்த அந்தப் பட்டத்தின் மொழியிலேயே தம் நாயகிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்.

தேனிலவு நாவலின் முடிவுக்கு வருகிறேன். கொலையாளி அகப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்றதும் நகைச்சுவை நின்றுவிடுகிறது. முதலாம் உலகப் போரில் அதிகாரியாக இருந்து மனம் நொறுங்கிய பீற்றர், தன் கெட்டித்தனத்தால் ஒருவன் சாகப்போகும் அந்த இரவில் தூங்க முடியாமல் தவிக்கிறான். ஹரியட் அவனை அழைக்கவில்லை. தானாக வரட்டும் என்று விழித்திருக்கிறாள். விடியுமுன் அவன் வருகிறான். ஒரு காலத்தில் அதே கயிற்றின் அருகில் நின்றவளின் கைகளுக்குள் அழுகிறான்.